எந்தக் கல்? ரிப்போர்ட்டில் வரும் ‘கல்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் 11 வருடமாக ரிப்போர்ட் டைப் அடிக்கிறேன். பென்னாகரம், அரூர், காரிமங்கலம் என்று எங்கிருந்து வந்தவர்களானாலும் கவரைக் கையில் வாங்கியதும் என் மேஜை முன் நின்று கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “ஏம்மா, கல்லுன்னு போட்டிருக்கா?” நான் டாக்டர் இல்லை. எங்கள் ரேடியாலஜி டாக்டரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், அதன் பிறகு நானாகப் படித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். ‘கல்’ என்று கேட்டதும் நம் மனதில் அடுத்து வரும் சொல் ‘கரையும்’ என்பதுதான். அந்த ஒரு சொல்லால் எத்தனை பேர் நாளைக் கடத்திவிடுகிறார்கள் என்பதைப் பார்த்த பிறகுதான் எழுதத் தோன்றியது.

கல்லீரல் என்கிறார்களே, அதில் கல் இருக்குமா?

பெயரில் கல் இருப்பதால் உள்ளே கல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மஞ்சள்காமாலை வந்த பெரியவர் ஒருவர் உண்மையிலேயே பயந்துபோய் இதைக் கேட்டார். தமிழில் ஈரல் மூன்று: நுரையீரல், மண்ணீரல், கல்லீரல். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நின்றவர்களுக்கு இந்தப் பெயர்கள் தானாகவே புரியும். நுரையீரலை அழுத்தினால் நுரை மாதிரி அமுங்கும். மண்ணீரல், அதாவது கடைக்காரர் சுவரொட்டி என்று வெட்டிக் கொடுப்பது, ஈரமண் போலக் குழையும். மூன்றில் கனமாகவும் கெட்டியாகவும் இருப்பது கல்லீரல். கைக்கு எப்படிப் பட்டதோ அப்படியே பெயர்.

அந்த ஈரல் நோயால் இறுகிப்போகும் நிலையும் உண்டு. அதுதான் சிரோசிஸ். குடி, மஞ்சள்காமாலைக் கிருமிகள், ஈரலில் சேரும் கொழுப்பு இவற்றால் ஈரல் முழுக்கத் தழும்பு விழுந்து கெட்டிப்படுகிறது. ஆனால் சிரோசிஸ் என்ற சொல்லில் கல் இல்லை. 1819-ல் பிரெஞ்சு மருத்துவர் லென்னக் அந்த ஈரலின் பழுப்பு மஞ்சள் நிறத்தைப் பார்த்து, கிரேக்க மொழியில் அந்த நிறத்தைக் குறிக்கும் சொல்லை எடுத்து வைத்த பெயர் அது.

ரிப்போர்ட்டில் ‘கால்குலஸ்’ என்று இருக்கிறது. அது கணக்குப் பாடம் இல்லையா?

இரண்டுக்கும் ஒரே வேர். லத்தீனில் கால்குலஸ் என்றால் கூழாங்கல். பழைய ரோமானியர்கள் கூழாங்கல்லை வைத்து எண்ணினார்கள், அதனால் கணக்குக்கு அந்தப் பெயர் போனது. உடம்பில் விளைந்த கல்லுக்கும் அதே பெயர். பல் டாக்டர் பல்லின் அடியில் சுரண்டி எடுக்கும் காரையும் கால்குலஸ்தான்.

‘லித்’ என்று வந்தாலும் கல்தான், அது கிரேக்கம். நெஃப்ரோலித்தியாசிஸ் என்றால் சிறுநீரகத்தில் கல், கோலிலித்தியாசிஸ் என்றால் பித்தப்பையில் கல், சயலோலித் என்றால் எச்சில் சுரப்பியில் கல். பழங்கால இந்திய மருத்துவர் சுசுருதர் பெயரில் வழங்கும் சமஸ்கிருத நூலில் கல்லடைப்புக்கு அச்மரி என்று பெயர். அதிலும் வேர்ச்சொல் கல் என்பதே. அறுத்துக் கல்லை எடுக்கும் முறை அந்த நூலில் விவரமாக இருக்கிறது. கிரேக்கத்தில் இப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் மருத்துவர் உறுதிமொழியிலோ ‘கல்லுக்காக அறுக்க மாட்டேன், அதை அந்த வேலை செய்பவர்களிடம் விட்டுவிடுவேன்’ என்று ஒரு வரி உண்டு. அத்தனை காலமாக மனிதனை வதைக்கும் வலி இது.

கால்சிஃபிகேஷன் என்று போட்டிருந்தால் அதுவும் கல்தானா?

இல்லை. ஒரு இடத்தில் சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கிறது என்று மட்டும் அர்த்தம். பழைய டிபி ஆறிய வடு, வயதானவர்களின் ரத்தக்குழாய்ச் சுவர் என்று பல இடங்களில் இப்படிப் படியும். மூளையின் நடுவில் இருக்கும் பினியல் சுரப்பியில் படிவதற்கு ‘மூளை மணல்’ என்றே பெயர் இருக்கிறது. பெரியவர்களின் சிடி ஸ்கேனில் அதைச் சாதாரணமாகப் பார்க்கலாம், பயப்பட எதுவுமில்லை. கால்சிஃபிகேஷனைப் பார்த்துவிட்டு வாழைத்தண்டு வாங்கப் போக வேண்டாம்.

சிறுநீரகத்தில் கல் எப்படி உண்டாகிறது?

உப்புத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் ஓரத்தில் உப்பு பூக்கும் இல்லையா, அதேதான். சிறுநீரில் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் போன்றவை கரைந்திருக்கின்றன. தண்ணீர் குறைந்தால் அவை கரைந்து நிற்க இடமில்லாமல் பொடிப் பொடியாகப் பூத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி வளரும். சித்திரை வெயிலில் ஜல்லி அள்ளுகிறவர், பேருந்து ஓட்டுகிறவர், ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் கடை வேலைக்காரப் பெண்கள் என்று நான் டைப் அடித்த பெயர்களை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பெண்களுக்குச் சொல்ல வேண்டிய அறிவுரை தண்ணீர் குடி என்பது மட்டுமல்ல. கடை முதலாளி ஒரு கழிப்பறைக்கு வழி செய்ய வேண்டும்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு டாக்டர்கள் சொல்லும் அளவு, ஒரு நாளில் வெளியேறும் சிறுநீர் இரண்டரை லிட்டராவது இருக்க வேண்டும் என்பது. வேர்க்கிறவர்கள் அதற்கு மேல் கணக்குப் போட்டுக் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிறிய நிறத்தில் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் தங்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

மல்பெரிக் கல், மான்கொம்புக் கல் என்றெல்லாம் டாக்டர் சொன்னார். என்ன அது?

வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். பட்டுப்புழு வளர்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கு மல்பெரிப் பழத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலெல்லாம் சிறு சிறு முடிச்சாக இருக்கும் ஆக்சலேட் கல்லுக்கு அந்தப் பெயர். சிறியதாக இருந்தாலும் முரடாக இருப்பதால் ரத்தம் கசியும், வலியும் அதிகம்.

மான்கொம்புக் கல் நேர் எதிர். சிறுநீரகத்தின் உள்கிளைகள் முழுக்கப் பரவிக் கொம்பு மாதிரி வளர்ந்து நிற்கும். பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்க் கிருமித் தொற்றால் வளர்வது. இவ்வளவு பெரிய கல் இருந்தும் சிலருக்கு வலியே இருக்காது. வலி இல்லை என்று விட்டால் அந்தச் சிறுநீரகமே வீணாகிவிடும்.

வாழைத்தண்டு, சிறுபீளை, நெருஞ்சில் கல்லைக் கரைக்குமா?

இவை நம் வீட்டு வைத்தியம். என் பாட்டியும் சிறுபீளையைக் கஷாயம் வைத்துக் கொடுத்தவர்தான், அதை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது. கூடுதல் தண்ணீர் உள்ளே போய் சிறுநீர் நன்றாகப் பிரிந்தால் சின்னக் கல் இறங்க வாய்ப்பு கூடும். அதே சமயம், 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் பெரும்பாலானவை எதையும் குடிக்காவிட்டாலும் தானே இறங்கிவிடும். கஷாயத்துக்குக் கிடைக்கும் பெயரில் பாதி இதனால் வந்தது. 12 மில்லிமீட்டர் கல்லைக் கஷாயம் கரைத்துவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. கல் அடைத்து நின்றால் மேலே சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். ரிப்போர்ட்டில் ‘ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ என்று இருப்பது இதுதான்.

மருந்தால் நிஜமாகவே கரையக்கூடிய கல் ஒன்று உண்டு, யூரிக் அமிலக் கல். சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் மருந்தை டாக்டர் கொடுத்தால் அது கரையும். சாதாரண எக்ஸ்ரேயில் அந்தக் கல் தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும். தானே இறங்காத மற்றக் கற்களைப் பெரும்பாலும் உடைத்தோ எடுத்தோதான் ஆக வேண்டும். வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பி உடைக்கும் லித்தோட்ரிப்சியை 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார்கள். கருவியைச் செய்து கொடுத்தது டோர்னியர் என்ற விமான நிறுவனம்.

இடுப்பு வலியோடு குளிர் காய்ச்சல் வந்தால், அல்லது சிறுநீரே வராமல் நின்றால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலையில் போகலாம் என்று ஒத்திப்போட வேண்டாம்.

தக்காளி விதையும் ராகிக் களியும் கல்லை உண்டாக்குமா?

பாலக்கோட்டுத் தக்காளி மேல் வீண்பழி. தக்காளியில் ஆக்சலேட் குறைவு. விதை சிறுநீரகத்துக்குப் போய்க் கல்லாக ஆவதற்கு வழியே இல்லை. பசலைக்கீரை போன்ற சில கீரைகளில்தான் ஆக்சலேட் மிக அதிகம்.

ராகியில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருப்பது உண்மை. ஆனால் சாப்பாட்டில் கால்சியத்தைக் குறைத்தால் கல் வருவது கூடத்தான் செய்யும். சாப்பாட்டில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியே அனுப்பிவிடுகிறது. கால்சியம் குறைந்தால் அந்த ஆக்சலேட் ரத்தம் வழியாகச் சிறுநீருக்கு வந்து சேரும். அதனால் பாலையும் மோரையும் நிறுத்தாதீர்கள், உப்பைக் குறையுங்கள். திரும்பத் திரும்பக் கல் வருகிறவர்கள் மட்டும் கல்லைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அது எந்த வகை என்று தெரிந்துகொண்டு உணவை முடிவு செய்யலாம்.

பித்தப்பைக் கல்லுக்கும் இதே வைத்தியமா?

இல்லவே இல்லை. பித்தப்பை சிறுநீர்ப் பாதையில் இல்லை. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அந்தக் கல் நகராது. அது கொழுப்பாலோ பித்தத்தின் நிறப்பொருளாலோ ஆன கல். தொந்தரவு தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழ் வலி, காய்ச்சல், கண் மஞ்சளாவது என்று வந்தால் தாமதிக்கக் கூடாது.

கட்டி ‘கல்லு மாதிரி’ இருக்கிறது. வலி இல்லை. பார்த்துக்கொள்ளலாமா?

இந்தப் பக்கத்தை எழுத வைத்த கேள்வி இதுதான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு அக்கா ஸ்கேனுக்கு வந்தார். மார்பில் கட்டி. “கல்லு மாதிரிதான் இருக்கு பாப்பா, வலியே இல்ல. கல்லுன்னா கரையும்னு மருந்து கொடுத்தாங்க, ஏழு மாசமா குடிக்கிறேன்” என்றார். கொடுத்தவர் சிறுநீரகக் கல்லுக்கு மருந்து கொடுத்துப் பழக்கப்பட்டவர். அந்த ரிப்போர்ட்டை அடிக்கும்போது எனக்குக் கை ஓடவில்லை. நோய் அக்குளில் இருந்த நெறிகளுக்கும் பரவிவிட்டிருந்தது. அந்தக் கட்டியில் கல்லே கிடையாது. அது சதை. கடினமாக இருந்ததால் ‘கல் மாதிரி’ என்றார்கள். ‘மாதிரி’ எங்கோ உதிர்ந்து போய்க் கல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

டாக்டர்கள் தங்கள் குறிப்பிலும் ‘கல் போன்ற கடினம்’ என்றே எழுதுவார்கள். அவர்களுக்கு அது புற்றுநோயைச் சந்தேகிக்கச் சொல்லும் எச்சரிக்கைச் சொல். அதே சொல் நமக்கு ஆறுதலாகக் கேட்கிறது. கடினமாக, ஓரம் ஒழுங்கில்லாமல், விரலால் தள்ளினால் நகராமல், வலியில்லாமல் இருக்கும் கட்டியை உடனே காட்ட வேண்டும். மேல் தோல் குழி விழுந்தாலும், காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலும், காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலும் அப்படித்தான். கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டி கல்லாக இறுகி, வாரக்கணக்கில் குறையாமல் இருந்தாலும் இதே பேச்சுதான்.

மார்பில் வரும் எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. இளம் பெண்களுக்குக் கோலிக்குண்டு மாதிரி விரலுக்கு நழுவும் கட்டி பெரும்பாலும் தொந்தரவில்லாத ஃபைப்ரோஅடினோமா. குழந்தை பெற்றவர்களுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இறுகும், வலிக்கும், பால் எடுத்தால் இளகும். ஆனால் எது எது என்பதைத் தடவிப் பார்த்து வீட்டில் முடிவு செய்ய முடியாது. ஸ்கேன், மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனை. ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பயந்து ஓடாதீர்கள், அது இல்லாமல் சரியான மருந்தைத் தொடங்க முடியாது.

வயிறு கல்லாக இறுகிவிட்டது என்கிறார்கள். வாயுவா?

வாயுவில் வயிறு உப்பும், ஆனால் கை வைத்தால் இளகும். தொட விடாமல், மூச்சு விடும்போதுகூட அசையாமல் வயிறு கல்லாகிக் கிடந்தால் உள்ளே குடல் ஓட்டையாகியிருக்கலாம், குடல்வால் வெடித்திருக்கலாம். ஆங்கிலத்தில் இதைப் பலகை போன்ற வயிறு என்பார்கள். சோடா கொடுத்துப் பார்க்கும் நேரமில்லை இது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

காதுக்குள் கல் நகர்ந்துவிட்டதால் தலைசுற்றல் என்றார் டாக்டர். காதில் எப்படிக் கல் போனது?

அது வெளியிலிருந்து போகவில்லை, பிறவியிலேயே எல்லோருக்கும் இருக்கிறது. உள்காதில் கால்சியம் கார்பனேட் பொடிகள் ஒரு பசை மேல் உட்கார்ந்திருக்கும். சுண்ணாம்புக்கல்லும் இதே பொருள்தான். நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை உடம்புக்குச் சொல்வது அந்தக் கற்கள். அதில் சில உதிர்ந்து பக்கத்து வளையக் குழாய்க்குள் போய்விட்டால், படுக்கையில் புரளும்போது சில நொடிகள் உலகமே சுழலும். இதற்கு மாத்திரையைவிடத் தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பும் எப்ளி முறையே பலன் தரும். கல் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். உடம்பில் இருக்க வேண்டிய கல் இது ஒன்றுதான்.

போர்வெல் தண்ணீரால் எலும்பு கல்லாகிறது என்பது உண்மையா?

நம் மாவட்டத்துக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. நம் காலடியில் இருப்பது கடும்பாறை. அதில் அபடைட், பயோடைட் போன்ற ஃபுளோரைடு கொண்ட கனிமங்கள் இருக்கின்றன. ஆழத்தில் பாறையோடு வெகுகாலம் கிடக்கும் தண்ணீர் அந்த ஃபுளோரைடை இழுத்துக்கொள்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் முதலில் குழந்தைகளின் பல்லில் தெரியும்: சாக்பீஸ் வெள்ளைத் திட்டு, அப்புறம் மஞ்சள், பழுப்புக் கறை. சுமார் 8 வயதுக்குள், நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகும்போதே படிவது அது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. “பல்லு வெளக்க மாட்டாயா?” என்று பள்ளியில் அந்தப் பிள்ளைகளைக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பெரியவர்களுக்கு எலும்பில் படியும். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு சாக்பீஸாக வெளுத்து, எலும்புகளைக் கட்டும் நார்களும் சுண்ணாம்பேறி நிற்கும். அடர்த்தி கூடுகிறது, ஆனால் வலு கூடுவதில்லை, சுலபமாக முறியும். கழுத்தும் இடுப்பும் இறுகி, குனிந்து கால் விரலைத் தொட முடியாது, தாடையை நெஞ்சில் வைக்க முடியாது, கைகளைப் பின்தலையில் கோக்க முடியாது. இந்த மூன்றையும் வீட்டுப் பெரியவர்களைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். வயசான மூட்டுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு இதுதான் காரணமாக இருக்கலாம். இந்தியாவில் இந்த நோயை 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் பதிவு செய்திருக்கிறார்கள்.

காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் அடர்த்தி கூடும். இதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காவிரித் தண்ணீர் வருகிற வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள், போர்த் தண்ணீரைத் துணி துவைக்க விடுங்கள். களி கிண்டும் தண்ணீரும் குடிநீர்க் கணக்கில்தான் சேரும்.

மார்பிள் எலும்பு நோய் என்பது இதுவா?

இல்லை, அது பிறவி நோய். 1904-ல் ஜெர்மன் ரேடியாலஜி மருத்துவர் ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க் விவரித்தது. ஆஸ்டியோபெட்ரோசிஸ் என்ற பெயரில் உள்ள ‘பெட்ரா’ பாறை. பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும் செல்கள் வேலை செய்யாததால் எலும்பு அடைத்துக்கொண்டே போகும், மஜ்ஜைக்கு இடமிருக்காது, ரத்தசோகை வரும், கண் நரம்பு போகும் துளை நெருங்கிப் பார்வை மங்கும். குழந்தைகளைத் தாக்கும் கடுமையான வகை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் வருவது. தாய்மாமன், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் கட்டும்போது அந்த வாய்ப்பு கூடும்.

கவுட் (யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கும் நோய்) வந்தவருக்குக் காதிலும் விரலிலும் சின்னக் கல் மாதிரி வருகிறதே?

அது டோஃபஸ். துளைகள் நிறைந்த ஒருவகைக் கல்லின் லத்தீன் பெயர். உள்ளே இருப்பது யூரிக் அமில உப்பு. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை விடாமல் எடுத்தால் மெல்ல மெல்லக் கரையும். கிள்ளவோ குத்தவோ வேண்டாம்.

கிரானைட் வேலையை விட்டு 6 வருடம் ஆகிவிட்டது. இனி நுரையீரலுக்குப் பயமில்லைதானே?

கிருஷ்ணகிரிப் பக்கம் குவாரியிலும் பாலிஷ் பட்டறையிலும் வேலை செய்த அண்ணன்கள் அடிக்கடி கேட்பது. சிலிக்கோசிஸ் என்ற பெயர் லத்தீனில் சிக்கிமுக்கிக் கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கல்லை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் பறக்கும் சிலிக்காத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத பொடிதான் ஆபத்து. அது நுரையீரலின் கடைசி அறை வரை போய்த் தழும்பு உண்டாக்கும். வேலையை விட்ட பிறகும் அந்தத் தழும்பு வளரலாம், வருடங்கள் கழித்தும் தெரிய ஆரம்பிக்கலாம். டிபி வரும் வாய்ப்பும் கூடும். பழைய நிலைக்குத் திருப்பும் மருந்து இல்லை. முகத்தில் கட்டும் துண்டு அந்தப் பொடியைத் தடுக்காது. தண்ணீர் விட்டு அறுப்பதும், தூசியை உறிஞ்சும் கருவியும், முகத்தில் சரியாகப் பொருந்தும் மாஸ்க்கும்தான் காப்பு. சட்டப்படி இது அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய், இழப்பீடு கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

மூச்சிரைப்போ இருமலோ இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள். எடுக்க வரும்போது “கல் வேலை செய்தவன்” என்று டாக்டரிடம் சொல்லி, எத்தனை வருடம் என்பதையும் சீட்டில் எழுதி வாங்கி வாருங்கள். வெறும் ‘இருமல்’ என்று எழுதிய சீட்டோடு வந்த படத்தைப் பழைய டிபி என்று நினைக்க எல்லா நியாயமும் உண்டு. ‘கல் வேலை, 14 வருடம்’ என்ற ஒரு வரி சீட்டில் இருந்தால் எங்கள் டாக்டர் அந்தப் படத்தை மறுபடியும் பெரிதாக்கி, மேல் நுரையீரலை ஓரம் ஓரமாகப் பார்ப்பதை நான் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்திருக்கிறேன்.